பேயும் வில்லங்கச் சான்றும்: தென்சென்னைத் திகில் ரசனை குறித்து ஓர் ஆய்வு

தமிழில் பேயைப் பற்றிய எந்த ஆய்வும் மரத்தடியில் தொடங்குவதே மரபு. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பது பழமொழி. முருங்கைமரம் என்று பாடபேதமும் உண்டு. வேதாளத்தைச் சாட்சிக்கு இழுக்கும் அந்தக் கட்சியோடு இக்கட்டுரை மல்லுக்கு நிற்கப்போவதில்லை. ஆனால் இரு கட்சிகளும் ஒன்றைக் கவனிக்கவில்லை. பழமொழியில் பயம் என்ற பேச்சே கிடையாது. ஜாகையைப் பற்றித்தான் பேச்சு. கல்யாணம் ஆனபின் எங்கே குடித்தனம்? பேயின் இடத்தில். இடம் எப்படி? மாடி, லிஃப்ட் இல்லை.

ஆகவே நமது கருதுகோள்: தமிழ்ப் பேய்ப்படம் என்பது அடிப்படையில் ஒரு வீட்டுமனைத் தகராறு.

பழைய பேய்களுக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில் பேய்களுக்குப் பசிதான் பிரச்சினை. போர்க்களத்திலேயே கூழ் காய்ச்சிக் குடித்து ஏப்பம் விட்டன. காரைக்கால் அம்மையார் பேயுருவைக் கேட்டே வாங்கிக்கொண்டவர். மயிலாப்பூரில் ஒரு கிணற்றில் அவதரித்ததாகச் சொல்லப்படும் ஆழ்வாருக்குப் பெயரே பேயாழ்வார். ஆக, இத்துறையில் மயிலாப்பூர் பழம் தின்று கொட்டை போட்ட பேட்டை. அன்று சோற்றுக்கு அலைந்த பேய் இன்று வீட்டுக்கு அலைவது ஏன் என்பதே கேள்வி.

ஆய்வுக்கு உட்பட்டவர் ஒருவர் மட்டுமே. மாதிரி சிறியது என்று புள்ளியியலார் முகம் சுளிக்கலாம். ஆனால் மந்தைவெளியில் ஒரே வாடகை வீட்டில் இருபது வருஷம் தாக்குப்பிடித்த பேய்ப்பட ரசிகர் இன்னொருவர் கிடைப்பது எளிதல்ல. கருவி, ஓர் எவர்சில்வர் தட்டு நிறையத் தட்டை. படம் ஓடும்போது ரசிகரின் கை தட்டுக்கும் வாய்க்கும் இடையே ஓயாமல் போய்வரும். பயந்தால் பாதி வழியில் நிற்கும். நிற்கும் நேரமே அச்சத்தின் அளவு. இதைத் 'தட்டை இடைவெளி' என்று குறிப்போம்.

முதல் படம் சந்திரமுகி. பி. வாசு இயக்கி 2005 ஏப்ரல் 14 அன்று வெளியாகி, அண்ணா சாலை சாந்தி தியேட்டரில் 800 நாட்களைத் தாண்டி ஓடியது. ஊரே பேய்ப்படம் என்று கொண்டாடிய இதில் பேயே கிடையாது. எல்லாம் மனநோய் என்று மருத்துவர் சரவணன் விளக்கிவிடுகிறார். ஜோதிகா கண்ணை உருட்டிய காட்சியில் ரசிகரின் கை நிற்கவில்லை, இரண்டு தட்டை கூடுதலாகவே போனது. அது நின்றது, பெரியவர்கள் வேண்டாம் என்றும் கேளாமல் பிரபு வேட்டையபுரம் அரண்மனையை வாங்கியிருப்பது தெரியவரும் இடத்தில். "மூலப் பத்திரம் பார்த்தானா? முப்பது வருஷத்துக்கு ஈசி போட்டா வேட்டைய ராஜா அதுல வருவானா?" என்றார்.

ஈசி என்று ஊர் சொல்வது வில்லங்கச் சான்று. விற்பனை, அடமானம், செட்டில்மென்ட் போன்ற பதிவான விவகாரங்கள் அதில் வரும். கொலை வராது. இந்த ஓட்டை வழியாகத்தான் தமிழ் சினிமாவின் பேய்கள் உள்ளே வருகின்றன என்பது நமது முதல் கண்டுபிடிப்பு.

விக்ரம் கே. குமாரின் யாவரும் நலம் (2009) இதற்கு நேர்ச் சான்று. மாதவனின் கூட்டுக் குடும்பம் பதின்மூன்றாவது மாடியில் 13பி என்ற ஃபிளாட்டுக்குக் குடிவருகிறது. முன்பு அதே மனையில் இருந்த வீட்டில் ஒரு குடும்பம் கொல்லப்பட்டிருக்கிறது. பழைய வீட்டை இடித்து ஃபிளாட் எழுப்புவதைத் தி.நகரிலும் அடையாறிலும் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். நிலத்தின் சொந்தக்காரருக்கு இத்தனை ஃபிளாட், பிரமோட்டருக்கு இத்தனை ஃபிளாட் என்று ஒப்பந்தம் போடுவார்கள். அந்த மண்ணிலேயே செத்தவர்களுக்கு யூடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு, எவ்வளவு என்று எந்த ஒப்பந்தமும் சொல்வதில்லை. பங்கு கிடைக்காதவர்கள் டிவி சீரியலில் வந்து முறையிடுகிறார்கள். மற்றவர்கள் ஏறினால் ஓடுகிற லிஃப்ட், மாதவன் தனியாக ஏறினால் நகர மறுக்கும் புகழ்பெற்ற காட்சியில் தட்டை இடைவெளி பூஜ்யம். "மெயின்டனன்ஸ் பாக்கி வெச்சிருப்பான்" என்பது ரசிகரின் விளக்கம். மறுக்க நம்மிடம் ஆதாரமில்லை.

மூன்றாவது, அஜய் ஞானமுத்துவின் டிமான்ட்டி காலனி (2015). முகவரி கற்பனையல்ல. ஆழ்வார்பேட்டை செயின்ட் மேரீஸ் சாலைப் பக்கம் உள்ள நிஜக் குடியிருப்பு அது. ஜான் டி மான்ட்டி என்ற பழைய காலத்து வணிகரின் பெயரைத் தாங்கியது. அவருடைய சொத்து கத்தோலிக்கத் திருச்சபைக்குப் போனது. ஆளில்லாமல் பாழடைந்து கிடந்த வீடுகளைப் பற்றிப் பேய்க்கதைகள் கிளம்பின, அவற்றிலிருந்து படமும் கிளம்பியது. படத்தில் நான்கு நண்பர்கள் ஓர் அறைக்குள் மாட்டிக்கொண்டு வெளியேற வழியின்றித் தவிக்கிறார்கள். பேச்சிலர்களுக்கு வீடு கிடைக்காத ஊரில் இதை அமானுஷ்யம் என்று வகைப்படுத்துவது சரியா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் ரசிகரின் கை மிக நீண்ட நேரம் அந்தரத்தில் நின்றது இந்தப் படத்துக்குத்தான். காரணம் கேட்டோம். "ஆழ்வார்பேட்டையில... காலி வீடா!" என்றார், குரல் நடுங்க.

மற்றவை கருதுகோளை வரிசையில் வந்து உறுதிசெய்கின்றன. ராகவா லாரன்ஸின் காஞ்சனாவில் (2011) மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்தை அரசியல்வாதி அபகரிக்க, கொல்லப்பட்ட காஞ்சனா ஆவியாகத் திரும்புகிறாள். நில அபகரிப்புப் புகார்களுக்கென்றே தமிழ்நாட்டில் காவல்துறைத் தனிப்பிரிவுகள் அமைந்ததும் அதே ஆண்டு. இன்னும் சில மாதம் பொறுத்திருந்தால் காஞ்சனா மனு கொடுத்தே முடித்திருப்பாள். சுந்தர் சி.யின் அரண்மனையில் (2014) குடும்பம் கூடுவதே பரம்பரைச் சொத்தை விற்கத்தான்.

வெளிநாட்டுப் பேயும் விதிவிலக்கல்ல. 'எக்ஸார்சிஸ்ட்' (1973) படத்துச் சிறுமி இருந்தது வாடகை வீடு. 'அமிட்டிவில் ஹாரர்' (1979) படத்துக்கு மூலமான குடும்பம், ஆறு பேர் கொலையான வீட்டை 80,000 டாலருக்கு வாங்கி 28 நாளில் ஓடியது. நியூயார்க் மாநிலத்தில் ஒருபடி மேலே போய், விற்றவர் பேய் விஷயத்தை மறைத்தார் என்று வீடு வாங்கியவர் வழக்கே போட்டார். 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தின் கண்ணில் அது பேய் வீடுதான் என்று சொல்லி ஒப்பந்தத்தை ரத்துசெய்ய அவருக்கு வழிவிட்டது. தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. குடித்தனக்காரர் செத்த பிறகும் காலிசெய்யாவிட்டால் என்ன செய்வது என்பதில் மௌனம் காக்கிறது.

ஓர் ஆட்சேபத்தைப் பதிவுசெய்வது ஆய்வு நேர்மை. மிஷ்கினின் பிசாசு (2014) சொத்து கேட்டு வரவில்லை. சாகும் தறுவாயில் தன்னைக் காப்பாற்ற முயன்றவனின் வீட்டில் அன்போடு தங்குகிறது. கருதுகோள் இங்கே சரிகிறதே என்று ரசிகரிடம் கவலைப்பட்டோம். "வீட்டுல பீர் குடிக்க விடலையே, பாத்தீங்களா? அது பேய் இல்ல சார், ஹவுஸ் ஓனர்" என்று ஒரே வரியில் நிமிர்த்தி வைத்தார்.

கடைசிச் சோதனை ஒரு வெள்ளி இரவு நடந்தது. மறுபடி சந்திரமுகி. சாந்தி தியேட்டர் 2016இல் மூடப்பட்டது, மயிலாப்பூர்க் கபாலியிலும் லஸ் காமதேனுவிலும் இன்று படம் ஓடுவதில்லை. எனவே ஹாலில், விளக்கை அணைத்துவிட்டு. 'ரா ரா' பாட்டு உச்சத்தில் இருந்தது, ரசிகர் ஒன்பதாவது தட்டையை எடுத்திருந்தார். போன் அடித்தது.

"மாமா, தூங்கிட்டேளா? ஒண்ணுமில்ல, பையன் தை மாசம் அமெரிக்காலேர்ந்து வரான். பிரமோட்டர் ஒருத்தர் நாளைக்குக் காத்தால வந்து ஹால மட்டும் அளந்துட்டுப் போறேங்கறார்..."

டிவியில் ஜோதிகா ஆடிக்கொண்டிருந்தார். தட்டை இடைவெளியைக் கணக்கிட முடியவில்லை. காலையில் பார்த்தபோது ஒன்பதாவது தட்டை, ஒரு கடி கூடப் படாமல், சோபாக் கைப்பிடியில் நமத்துக் கிடந்தது.