ஈரானுக்கு ஒரு நடுத்தரகர்

ஈரானைக் காப்பாற்ற ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒருவன் கிளம்பினான் என்றால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். கிளம்பியவன் நான்தான்.

2022 செப்டம்பர். மஹ்சா அமினி என்ற 22 வயதுப் பெண் டெஹ்ரானில் போலீஸ் காவலுக்குப் போய் உயிரோடு திரும்பவில்லை. ஊரே தெருவுக்கு வந்தது. அரசு இன்ஸ்டாகிராமை அடைத்தது, வாட்ஸப்பை அடைத்தது. தடையைத் தாண்ட அங்கே பலர் டோர் வலையமைப்புக்கு வந்தார்கள். அது தன்னார்வலர்கள் தங்கள் கம்ப்யூட்டரையும் இணைப்பையும் இரவல் கொடுத்து ஓட்டும் வண்டி. இரவல் கொடுத்த அந்தக் கம்ப்யூட்டருக்கு ரிலே என்று பெயர்; உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கும். எங்கள் ஊர் கொடுமுடியில் ஒன்று கூட இருக்காது என்று எனக்குத் தோன்றிய ராத்திரியில்தான் சனி பிடித்தது.

டோர் என்றால் என்ன என்று எங்கள் பக்கம் சொல்ல வேண்டுமானால் கல்யாணத் தரகர்களை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் நடுவே மூன்று தரகர்கள். முதல் தரகருக்குப் பெண் வீடு தெரியும், மாப்பிள்ளை வீடு தெரியாது. கடைசித் தரகருக்கு மாப்பிள்ளை வீடு தெரியும், பெண் வீடு தெரியாது. நடுத்தரகருக்கு மற்ற இரண்டு தரகர்களைத் தவிர ஒன்றும் தெரியாது. சேதி மூன்று உறைக்குள் உறையாகப் போகும்; ஒவ்வொருவரும் தன் உறையை மட்டும் பிரிப்பார். வெங்காயத் தோல் மாதிரி என்பதால் ஆனியன் ரவுட்டிங் என்று பெயர். 1990களின் நடுவில் இதை யோசித்தது அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் என்பது தனி வேடிக்கை.

கல்யாணம் ஏடாகூடமானால் அடி விழுவது கடைசித் தரகருக்குத்தான். மாஸ்கோவில் டிமிட்ரி பொகாதோவ் என்ற கணித ஆசிரியர் அப்படிக் கடைசி ரிலே நடத்தினார். யாரோ எழுதியது அவர் முகவரியிலிருந்து வந்ததாகத் தெரிய, 2017 ஏப்ரலில் கைதானார். அடுத்த வருடம்தான் வழக்கு விலகியது. நான் நடுத்தரகர் வேலையோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவு செய்தேன். கொள்கை ஒன்றும் இல்லை, பயம்.

மஞ்சள் மூட்டை அடுக்கும் அறையில் என் காலேஜ் காலத்துக் கம்ப்யூட்டர் கிடந்தது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். ஃபேன் இறக்கை ஒவ்வொன்றிலும் மஞ்சள் தூள் விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. பூசைக்கு வைத்த மாதிரி. ராம் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு பல்லி முட்டை. பெயின்ட் பிரஷால் எல்லாவற்றையும் தட்டி, லினக்ஸ் ஏற்றி, டோரையும் ஏற்றியபோது ராத்திரி ஒரு மணி. "ஏங்கண்ணு, இன்னும் தூங்கலியா?" என்று அம்மா கேட்டாள். "ஆபீஸ் வேலைம்மா" என்றேன். இந்தக் கதையின் முதல் பொய்.

ரிலேவுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். ஊர்ப் பெருமையோடு 'கொடுமுடி மகுடேஸ்வரர்' என்று ஆங்கில எழுத்தில், நடுவே ஒரு கோடு போட்டு வைத்தேன். டோர் கிளம்ப மறுத்தது. எழுத்தும் எண்ணும் தவிர எதுவும் கூடாதாம். கோட்டை எடுத்தேன். மறுபடி மறுத்தது. பெயர் 19 எழுத்துக்குள் இருக்க வேண்டுமாம். விரல் விட்டு எண்ணினேன்: கொடுமுடிக்கு 8, மகுடேஸ்வரருக்கு 12. சாமி ஒரு எழுத்து அதிகம். கோயிலில் மூன்று முகப் பிரம்மாவுக்கு நான்காவது முகமாக நிற்கிற வன்னிமரத்தின் பெயரை வைத்தேன். பத்து எழுத்து. வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டது.

அடுத்தது கடிகாரம். அந்த மெஷினில் காசு அளவு பேட்டரி ஒன்று உண்டு, அது செத்துப் பல வருடம். மாதாந்திரப் பராமரிப்புக்கு ஈ.பி.காரர்கள் லைனை நிறுத்தினால், திரும்பக் கரண்ட் வரும்போது என் கம்ப்யூட்டர் பல வருடம் பின்னால் போய் நிற்கும். இணையத்திலிருந்து தானாக நேரம் வாங்கும் சேவை ஒன்று லினக்ஸில் இருக்கிறது. அது எதற்குத் தண்டத்துக்கு என்று நானே நிறுத்தி வைத்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கையாலேயே நேரம் வைத்தேன். சுவரில் பத்து மணி, திரையில் பத்து மணி. டோர் மட்டும், உன் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்று புலம்பியது. அது வெளிநாட்டுச் சாமான், நம் நேரம் அதற்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

புரியாதது எனக்கு. மெஷின் கிரீன்விச் கணக்கில் இருந்தது. நான் அதற்கு இந்திய நேரத்தை ஊட்டியிருந்தேன். ஐந்தரை என்ற எண்ணைப் பார்த்த நொடியே எந்த இந்தியனுக்கும் பொறி தட்ட வேண்டும். எனக்கு ஒரு நாள் ஆயிற்று. அதே வருடம் ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவை, வி.பி.என். கம்பெனிகள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதற்காக, டீக்கடையில் நின்று திட்டியவன் நான். அதே உத்தரவில் கம்பெனிகளும் அரசு அலுவலகங்களும் கம்ப்யூட்டர் கடிகாரத்தை அரசின் நேர சர்வர்களோடு ஒத்து வைக்கவும் சொல்லியிருந்தார்கள். திட்ட வேண்டிய பத்தியைப் படித்தேன், எனக்கு வேண்டிய பத்தியைத் தாண்டிவிட்டேன்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. கடைசியாக, டோர் எழுதி வைக்கும் லாகில் வந்த வரிதான் என்னை மூன்று ராத்திரி தின்றது. உன் வாசலை வெளியிலிருந்து யாராலும் எட்ட முடியவில்லை, ஃபயர்வால், போர்ட், முகவரி எல்லாம் பார் என்றது. பார்த்தேன். 9001ஆம் போர்ட்டைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். ரவுட்டரில் திறந்தேன். 443க்கு மாற்றி மறுபடி இரண்டிலும் திறந்தேன். ஃபயர்வாலையே மொத்தமாக அணைத்தேன். பேரே டோர், என் வீட்டு டோர் மட்டும் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் ரவுட்டர் பக்கத்தில் கண் நின்றது. வெளி முகவரி 100.72 என்று தொடங்கியது. டோர் லாகில் எனக்குச் சொல்லப்பட்ட முகவரி வேறு. இந்த இரண்டையும் மூன்று நாளாகப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். 100இல் தொடங்குகிறதே, ராசியான எண் என்று கூட நினைத்தேன். உலகத்தில் பழைய பாணி ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. போதாததால், இணைய நிறுவனங்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை அடைக்க, 2012இல் 100.64 முதல் 100.127 வரை தனியாக ஒதுக்கினார்கள். என் வீடு அந்த லைன் வீடுகளில் ஒன்று. தெருவாசல் கதவுக்குச் சாவி இணைப்புக் கொடுத்தவரிடம் இருக்கும்போது நான் உள்ளே அறைக் கதவைத் திறந்து திறந்து மூடியிருக்கிறேன். ஊரானை ஒளித்து வைக்கப் புறப்பட்டவனை உலகத்தில் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு லாபம் உண்டு. தொடர்பு விவரம் கேட்ட இடத்தில் என் சொந்த செல் நம்பரைப் போட்டிருந்தேன். அதை எல்லோரும் பார்க்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. வாசலை எட்ட முடியாத ரிலேவின் விவரத்தை டோர் வெளியிடுவதே இல்லை. என் முட்டாள்தனம் ஒன்றை இன்னொன்று காப்பாற்றியது.

இணைப்புக் கொடுத்த கேபிள் தம்பிக்குப் போன் போட்டு, என் வீட்டுக்கென்றே தனி முகவரி, அதாவது ஸ்டேட்டிக் ஐ.பி. கேட்டேன்.

"ஏனுங்ணா, கேமரா வெக்கறீங்ளா?"

எங்கள் பக்கம் ஸ்டேட்டிக் ஐ.பி. கேட்பவர்கள் தோட்டத்துக்குக் கேமரா வைப்பவர்கள் மட்டுமே. தரகர் கதையை முதலிலிருந்து சொல்லத் தெம்பில்லை. "ஆமாப்பா" என்றேன்.

"கேமராவுக்கு அதெல்லாம் வேண்டாங்ணா. இப்பெல்லாம் க்ளவுட்லயே ஓடுது. நம்ம லைன்ல ஸ்டேட்டிக் வராதுங்."

பொய்யும் சொல்லி, காரியமும் ஆகவில்லை. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க நான் கேமரா வைத்தவன் ஆகிவிட்டேன். எதிர்வீட்டு அத்தை வந்து, "ஏந்தம்பி, அது எங்கூட்டு வாசலப் பாக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றதும் முகம் வாடியது. "எங்கூட்டையும் கொஞ்சம் பாக்கற மாதர வெய்யி சாமி." நான்காம் நாள் பக்கத்துத் தோப்பில் தேங்காய் களவு போக, மாமா ஒருவர் நேராக வந்து மஞ்சள் அறையில் உட்கார்ந்தார். "போட்டுக் காட்டு மாப்ளே, யாருன்னு பாத்துருவோம்." கறுப்புத் திரையில் டோர் லாக் ஓடிக்கொண்டிருந்தது. வாசலை எட்ட முடியவில்லை. மாமா அதை ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "ராத்திரி கேமராங்களா இது" என்றார்.

நல்ல வேளையாக டோரிலேயே ஸ்னோஃப்ளேக் என்று ஒன்று இருந்தது. பிரவுசரில் சேர்த்து ஒரு பொத்தானை அமுக்கினால் முடிந்தது. போர்ட் வேண்டாம், தனி முகவரி வேண்டாம், தடை விதித்த நாட்டில் இருப்பவர் உங்கள் பிரவுசர் வழியாக டோருக்குள் நுழைந்துவிடுவார். முதல் நாள் பூஜ்யம் என்று காட்டியது. இரண்டாம் நாள் இரண்டு பேர் என்றது. அவர்கள் ஈரானா, ரஷ்யாவா தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. அன்றைக்கு அம்மாவிடம் இரண்டாம் டம்ளர் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

பழைய கம்ப்யூட்டர் மஞ்சள் மூட்டைக்குப் பின்னால் திரும்பப் போய்விட்டது. தீபாவளிக்கு முன்னால், தெருவின் வற்புறுத்தல் தாங்காமல், கேமரா ஒன்று வாங்கி வாசலில் மாட்டினேன். பெட்டியைப் பிரித்த பத்தாவது நிமிடம் வேலை செய்தது. போகிற வருகிற அத்தனை முகமும் தெளிவாகத் தெரிகிறது.