விடை தெரியவில்லை

வேலையில்லாத பட்டதாரிக்குத் தமிழக அரசு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை கொடுக்கிறது. கேட்டதும் கொடுத்துவிடுமா? வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஐந்து வருஷம் வேலை கிடைக்காமல் இருந்து காட்ட வேண்டும். தனியார் கம்பெனிக்காரன்கூட இரண்டு வருஷ முன்அனுபவத்தோடு விட்டுவிடுகிறான். ஐந்தாண்டு வேலையின்மையைக் குறைவின்றி முடித்தவருக்கு, குடும்ப வருமானமும் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டாமலிருந்தால், மூன்று வருஷம் இந்தப் படி உண்டு. பத்தாவதில் தோற்றவருக்கு 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400. காலேஜுக்குப் பணம் கட்டி என்னத்தைக் கண்டோம் என்று புலம்பும் அப்பாக்கள் கவனிக்க வேண்டும்: பத்தாவது பெயிலைவிட மூன்று மடங்கு! நாளுக்கு இருபது ரூபாய். டீயா வடையா என்று காலையிலேயே முடிவெடுத்துக்கொள்ள வேண்டும்.

பதிவை மூன்று வருஷத்துக்கொரு முறை புதுப்பிக்க மறந்தால் சீனியாரிட்டி போயிற்று. சும்மா இருப்பதிலும் சீனியர், ஜூனியர் வைத்த நிர்வாகம் இது.

சரி, தேர்வெழுதி ஜெயிக்கலாமே என்பார்கள். எழுதுகிறார்களே! 2022-இல் அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அறிவித்த இடம் 7,301. ஓரிடத்துக்கு முந்நூறு பேர். தகுதி பத்தாம் வகுப்புதான். ஆனால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதிக்குள் எட்டிப் பாருங்கள். இன்ஜினியரிங் முடித்தவர் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில் அடிக்கோடு போட்டுக்கொண்டிருப்பார். ஜூலையில் எழுதிய அந்தத் தேர்வின் முடிவு மறு வருஷம் மார்ச்சில் வந்தது. அந்த எட்டு மாதமும் கல்யாண வீடுகளில் தலைகாட்டாமல் ஒளிந்து திரிந்த பிள்ளைகளுக்கு யார் கணக்கு சொல்வது? இடையில் காலியிடம் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டதாம். தன் அலுவலகத்தில் எத்தனை நாற்காலி காலி என்று நாற்காலிக்குச் சொந்தக்காரருக்கே தேர்வு வைத்த பிறகுதான் தெரிகிறது.

இந்த அழகில், வேலைக்குத் தயாராகாதவர்கள் இளைஞர்கள்தானாம். மேடைக்கு மேடை கேட்கிறோம்: திறன் போதவில்லை, வேலை கேட்பவராக இராதீர்கள், வேலை கொடுப்பவராக மாறுங்கள். இதைச் சொல்பவர் பெரும்பாலும் வேலை கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர். நிரந்தர இடத்தைக் காலியாக வைத்துவிட்டு அதே வேலையைத் தொகுப்பூதியத்துக்கு வாங்கத் தெரிந்தவர். திறன் என்றால் அதுவல்லவா திறன்!

ஒரு திறனை மட்டும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் தரவரிசையின் உச்சியில் வந்து குந்தினார்கள். தோண்டியபோது வெளிவந்தது, சில மணி நேரத்தில் மாயமாகும் மை. அழிந்த இடத்தில் சரியான விடையைக் குறித்துக்கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள். கைதுகளும் நடந்தன.

அதன்பின் 2020-இல் சீர்திருத்தம் வந்தது. யாருக்கு? தேர்வருக்கு! தெரியாத கேள்வியைச் சும்மா விடக் கூடாது. 'விடை தெரியவில்லை' என்று ஐந்தாவதாக ஒரு வட்டம், ஈ, அதைக் கருமையாக்க வேண்டும். கடைசியில் ஏ எத்தனை, பி எத்தனை, ஈ எத்தனை என்று எண்ணிக் கூட்டி எழுத வேண்டும். கூட்டல் பிசகினால் மதிப்பெண் வெட்டு. இடதுகைப் பெருவிரல் ரேகையும் வைக்க வேண்டும். விடைத்தாளில் கைவைத்தவன் எவனோ. மைதடவிய விரலோடு வெளியே வருபவள் நாமக்கல்லில் மூன்று மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் எழுதிய பெண்.

ஆனாலும் அந்த ஐந்தாவது வட்டம் அருமையான யோசனை. அதைத் தேர்வரோடு நிறுத்திக்கொண்டதுதான் அநியாயம். ஐயா, இந்த வருஷம் உண்மையில் எத்தனை இடம் காலி? முடிவு எந்தத் தேதியில் வரும்? ஐந்து வருஷம் காத்திருந்தவனுக்கு நாளுக்கு இருபது ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டது யார்? மூன்றுக்கும் நீங்களே ஈ-யைக் கருமையாக்குங்கள். கூட்டி எழுதுங்கள், பிசகினால் சம்பளத்தில் வெட்டு. பெருவிரலையும் கொஞ்சம் இப்படி நீட்டுங்கள்.