ஆற்றுக்கும் ஒரு தண்டையல்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கோடைக்கு இங்கே வரும்போது எல்லாருமாக ஒட்டாவா ஆற்றில், பீச்பேர்க் பக்கம், ரப்பர் மிதவையில் போகலாம் என்றதற்கு, "பருத்தித்துறையில் பிறந்தவனுக்குத் தண்ணியைக் காட்ட ஒரு வெள்ளைக்காரப் பொடியன் வேணுமோ, அதுக்குக் காசும் குடுக்கோணுமோ?" என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் வேணும்.

நாங்கள் கடல் கண்ட ஆட்கள், ஆறு கண்டோமா? யாழ் குடாநாட்டில் ஆறென்று பேருக்கு இருப்பது வழுக்கியாறு. அதுவும் மாரிக்குத்தான் ஓடும். கடலில் அலை நகரும், தண்ணீர் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். இங்கே எல்லாம் தலைகீழ்: பாறைக்குக் கீழே அலை அசையாமல் நிற்கும், தண்ணீர் அதற்குள்ளால் பாயும். அருவி விழும் அடியில் மேல்நீர் திரும்பி அருவியையே நோக்கி இழுக்கும். நுரையில் பாதி காற்று. எவ்வளவு நீச்சல் தெரிந்தாலும் ஆள் மிதப்பது குறைவு. கரைக்கடலில் விழுந்தவன் காலூன்றப் பார்ப்பான். ஆற்றில் அப்படிச் செய்தால் கால் கல்லிடுக்கில் மாட்டும், ஓட்டம் தலையை அமுக்கும். மல்லாந்து, காலை முன்னே நீட்டிப் போவதுதான் வழி. எங்கள் அனுபவம் இங்கே உதவாதது மட்டுமல்ல, ஆளையே கவிழ்க்கும்.

போதாததற்கு, இந்த நாட்டில் நீர்வீழ்ச்சிக்கும் ஷிப்ட் உண்டு. நயாகராவில் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சுற்றுலாக் காலத்தில் பகலில் செக்கனுக்குக் குறைந்தது ஒரு லட்சம் கன அடி விழவேண்டும். இரவில் பாதி போதும், மிச்சத்தை மின்சாரத்துக்குத் திருப்பலாம். ஒட்டாவா ஆற்றிலும் அணைகள் உண்டு. வசந்தத்தில் மூடிக்கிடக்கும் பாறை ஆவணியில் பல்லைக் காட்டும். நாளாந்தம் பார்க்கிறவனுக்குத்தான் அது தெரியும்.

"1975இல் நயாகராச் சுழிப் பக்கம் மிதவை கவிழ்ந்து மூன்று பேர் செத்தார்களே, அங்கேயும் வழிகாட்டி இருந்தான்தானே?" என்று மடக்குவீர்கள். நியாயம்தான். வழிகாட்டி இருந்தால் எந்த ஆறும் பணியும் என்று நான் சொல்லவில்லை. போகக்கூடாத இடம் எதுவென்று தெரிவதும் அவன் தொழில்தான். ஒட்டாவா ஆறு பீச்பேர்க் பக்கத்தில் கிளை பிரிகிறது. குடும்பங்களைச் சாதுவான கிளையால் கொண்டு போவார்கள். காசு அந்தத் தெரிவுக்கு.

வீரம் என்று பார்த்தாலும், வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல் அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறை போய்ச் சேர்ந்தது ஆளுக்கொரு பக்கம் பாய் இழுத்தோ? கப்பல் தலைவனான தண்டையல் சொன்னதை எல்லாரும் கேட்டதாலே. அந்தப் பொடியனும் ஆற்றுத் தண்டையல். லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து உங்களைத் தூக்கிப் பார்ப்பான். கோபிக்க வேண்டாம், தளர்வு பார்க்கிறான். துடுப்பின் மேல்நுனிக் குறுக்குப் பிடியிலிருந்து கையை எடுக்காதே என்பான். எடுத்தால் அது பக்கத்தில் இருக்கும் சித்தியின் பல்லைத் தேடிப் போகும்.

சாரத்தோடு ஏற விடமாட்டார்கள். அரைக் காற்சட்டை இரண்டு கொண்டு வாருங்கோ.

அன்புடன்,
பெறாமகன்