யானை வித்த கோனி மேக்

பேஸ்பால் டீம் ஒண்ணை வாங்கி நடத்தப் போறியாமே தம்பி, சந்தோசம். கையில காசு இருக்கு, ஏன்னு கேக்க ஆளில்லை, வாங்கு. டீமை வளர்க்கப் புத்தி சொல்ல ஊர்ப்பட்ட ஆளு வருவான். ஜெயிக்கிற டீமை நோகாம கலைக்கிறது எப்படின்னு சொல்லத்தான் ஆள் கிடைக்காது. அதை நான் சொல்றேன், கேட்டுக்க. கிழவனுக்கு ராத்திரித் தூக்கம் வர்றதில்லை. பேரன் குடுத்த போன்ல நூறு வருசத்து ஆட்டக் கணக்கைப் புரட்டிக்கிட்டே கிடக்கேன். அதுல எனக்கு வாய்ச்ச குருநாதர்தான் பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் டீமோட கோனி மேக்.

பெரிய மனுசன், குறை சொல்லக் கூடாது. டீமுக்கு மேனேஜரும் அவரே, டீமோட சொத்துல பங்கும் அவருக்கே. கோட்டு, தொப்பி, விறைச்ச காலரோட பெஞ்சில உக்காந்துக்கிட்டு, கையில இருக்கிற ஸ்கோர் அட்டையை ஆட்டியே களத்துல நிக்கிறவனை அங்கிட்டும் இங்கிட்டும் நகத்துவார். 1910, 1911, 1913னு மூணு தடவை உலகத் தொடர் அவருக்குத்தான். மெக்இன்னிஸ், எடி காலின்ஸ், ஜாக் பேரி, ஃபிராங்க் பேக்கர்னு உள்களத்துல நாலு பேர். அந்த நாலு பேரையும் சேர்த்து 'லட்ச டாலர் இன்ஃபீல்டு'ன்னே கூப்பிட்டாங்க. பந்து வீச சீஃப் பெண்டரும் எடி பிளாங்கும்.

இவ்வளவு இருந்தா நீ என்ன பண்ணுவே? நிம்மதியாத் தூங்குவே. அங்கதான் தப்பு பண்றே. ஜெயிச்சுக்கிட்டே இருந்தா பார்க்கிறவனுக்குச் சலிச்சுப் போகும், ஆடுறவனுக்குச் சம்பளம் ஏறிப் போகும். 1914ல அந்த டீம் 99 ஆட்டம் ஜெயிச்சது. கூட்டமோ முந்தின வருசத்தைவிடப் படுத்துடுச்சு. ஞாயித்துக்கிழமை ஆட்டம் ஆடக் கூடாதுன்னு பென்சில்வேனியாச் சட்டம் வேற. ஊரே சும்மா இருக்கிற நாள்ல கேட்டுக்குப் பூட்டு. பெடரல் லீக்குன்னு ஒரு எதிர்க்கடை முளைச்சு, ஆட்டக்காரனுக்கெல்லாம் ஆசை காட்டிக்கிட்டு இருந்தது. போதாக்குறைக்கு உலகத் தொடர்ல பாஸ்டன் பிரேவ்ஸ்கிட்ட நாலுக்கு நாலும் தோல்வி. அந்த பிரேவ்ஸ் ஜூலை மாசம் வரைக்கும் கடைசி இடத்துல கிடந்த டீமு!

மேக்குக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்தது. பெண்டரும் பிளாங்கும் எதிர்க்கடைக்கே போனாங்க. காலின்ஸை 50,000 டாலருக்கு சிகாகோ ஒயிட் சாக்ஸ்கிட்ட தள்ளி விட்டார். பேக்கர் சம்பளத் தகராறுல 1915 பூரா பெரிய லீக் ஆட்டமே ஆடலை. அடுத்த வருசம் அவரையும் யாங்கீஸுக்கு வித்தாச்சு. பேரி 1915 சீசன் பாதியிலேயே ரெட் சாக்ஸுக்குப் போனார்.

அத்லெட்டிக்ஸோட சின்னம் என்ன தெரியுமா? வெள்ளை யானை. எதிர் டீம் மேனேஜர் மெக்ரா கிண்டல் பண்ணிச் சொன்னதை மேக் சிரிச்சுக்கிட்டே சின்னமா எடுத்துக்கிட்டார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்னு நம்ம பெரியவங்க சொன்னது ரெண்டே வழி. மேக் மூணாவது வழி கண்டவர்: உசுரோட நிக்கும்போதே ஒவ்வொரு காலா வித்துடணும்.

பலன் சும்மா சொல்லக் கூடாது, கைமேல கிடைச்சது. 1915ல 43 வெற்றி, 109 தோல்வி. 1916ல 36 வெற்றி, 117 தோல்வி. 1900க்கு அப்புறம் பெரிய லீக்குகள்ல அதைவிடக் கேவலமான வெற்றி விகிதம் இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் வாய்க்கலை. ஜாக் நாபர்ஸ்னு ஒரு பையன் அந்த வருசம் ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சு 20 தோத்தான். டாம் ஷீஹன் ஒண்ணு ஜெயிச்சு 16 தோத்தான். ஷார்ட்ஸ்டாப்ல நின்ன ஒயிட்டி விட் 78 பிழை. பாவம் அந்த ஜோ புஷ்: ஆகஸ்டு 26ஆம் தேதி கிளீவ்லாந்துக்கு ஒரு ஹிட் கூடக் குடுக்காம வீசி ஜெயிச்சான், அப்படிப்பட்டவன் கணக்குலயே அந்த வருசம் 24 தோல்வி.

"புது ரத்தம் பாய்ச்சறோம்"னு நீயும் ஒரு நாள் பேட்டி குடுப்பே, அதனால இதையும் கேட்டுக்க. காலின்ஸும் ஒரு காலத்துல புது ரத்தம்தான். 1906ல காலேஜ் பையனா, 19 வயசுல, சல்லிவன்னு பொய்ப் பேர்ல வந்து ஆடினவன். விளைஞ்சவங்க நடுவுல ரெண்டு மூணு வருசம் ஊறின பிறகுதான் அவன் இடம் நிலைச்சது. நாபர்ஸுக்குப் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்க பிளாங்க் எங்கே இருந்தார்? மூத்தவனை அனுப்பினா அவன் ஆட்டம் மட்டுமா போகுது, அடுத்தவன் படிப்பும் சேர்ந்துல்ல போகுது. அதுக்காக மேக் சின்னவனைப் பொத்திப் பொத்தி வச்சார்னும் நினைச்சுடாதே. ஹெர்ப் பென்னாக்னு 21 வயசுப் பையனை 1915லயே கை கழுவினார். அவன் பின்னாடி யாங்கீஸ்ல பேர் வாங்கி, புகழ்க்கூடத்துலயே இடம் பிடிச்சான். பேரிக்கு 1915லயும் 1916லயும் ரெட் சாக்ஸோட கோப்பை, காலின்ஸுக்கு 1917ல ஒயிட் சாக்ஸோட கோப்பை. தர்மப் பிரபு!

1915லேர்ந்து 1921 வரைக்கும் ஏழு வருசம் தொடர்ந்து கடைசி இடம். வேற மேனேஜரா இருந்தா ரெண்டாம் வருசமே பெட்டியைக் கட்டியிருப்பான். மேக்கை வெளியே போன்னு சொல்ல முதலாளி மேக் சம்மதிக்கணுமே! அதனால தம்பி, கலைக்கிற வேலையை ஆரம்பிக்கும் முன்ன மறக்காம பங்கை வாங்கிப் போட்டுக்க.

ஆளு லேசுப்பட்டவரும் இல்லை. திரும்ப ஒரு டீமைக் கட்டி 1929, 1930 ரெண்டு உலகத் தொடரையும் எடுத்தார். 1931ல 107 வெற்றி. அப்புறம் அமெரிக்காவே பொருளாதார மந்தத்துல படுத்தது, கூட்டமும் படுத்தது. கடன் கழுத்தை நெரிக்க, மறுபடி அதே மருந்து. நட்சத்திர ஆட்டக்காரங்களை ஒவ்வொருத்தரா வித்தார்: சிம்மன்ஸோட ரெண்டு பேரைச் சேர்த்து ஒரு லட்சம் டாலர், காக்ரேனுக்கு ஒரு லட்சம், அப்புறம் குரோவ், 1935 முடிவுல ஃபாக்ஸ். காக்ரேன் டெட்ராயிட்டுக்கு ஆடும் மேனேஜராப் போய் 1935ல உலகத் தொடரையே ஜெயிச்சுக் குடுத்தார்.

அதே 1935ல இங்கே என்ன வேலை நடந்தது தெரியுமா? அத்லெட்டிக்ஸ் ஆடின ஷைப் பார்க் மைதானத்துக்கு எதிர்த் தெருவுல, வீட்டு மொட்டை மாடியில ஆள் ஏத்திக் காசு வாங்கிக்கிட்டு இருந்தாங்க. அதைத் தடுக்க 12 அடி மதிலுக்கு மேல தகரத்தை அடிச்சு, மூணு பங்கு உசரத்துக்கு ஏத்தி விட்டாங்க. பார்க்க ஆட்டக்காரன் இருந்த வரைக்கும் மதில் குட்டை. முக்காவாசிப் பேரை வித்த பிறகு மதில் நெட்டை. அந்த வருசமும் கடைசி இடம்தான்.

மேக் 1950 வரைக்கும், 87 வயசு வரைக்கும் அந்தப் பெஞ்சை விடலை. பெரிய லீக்ல அதிக ஆட்டம் ஜெயிச்ச மேனேஜரும் அவர்தான், அதிகம் தோத்தவரும் அவர்தான். ஆட்டக்காரனா வித்து வித்து, 1954ல விக்கிறதுக்கு டீம் ஒண்ணுதான் மிச்சம். அதையும் வித்தாங்க, வாங்கினவன் கான்சஸ் சிட்டிக்கு ஓட்டிக்கிட்டுப் போயிட்டான்.

நீ வாங்கப் போற டீம்ல மூத்தவன் எத்தனை பேர்னு முதல்ல எண்ணிப் பாரு தம்பி. நாலு பேர் சம்பளம் உனக்குக் கசந்தா ஒருத்தனை அனுப்பு, மூணு பேரை வச்சுக்க. நாலு பேரையும் ஒரேயடியா அனுப்புற துணிச்சல் இருந்தா, வாங்கும்போதே அந்தத் தகரத்துக்கும் ஒரு விலை கேட்டு வச்சுக்க.