விண்ணப்பம் போடாத விண்ணப்பதாரர்

வேளச்சேரிப் பக்கம் ஏதாவது ஒரு பிஜியில் இரவு இரண்டு மணிக்கு விளக்கு எரிந்தால், உள்ளே யாரோ பரீட்சைக்குப் படிக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். நம்மவர் வேலை தேடுகிறார். சரியாகச் சொன்னால், வேலை தேடுவதற்கு ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறார். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அதை அவரிடம் எடுத்துச் சொல்ல ஆளில்லை.

இவருடைய தாத்தா எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்துவிட்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார். அப்பா பேப்பரில் வந்த விளம்பரங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். 1997-இல் நௌக்ரி வந்த பிறகு சித்தப்பா அதில் பயோடேட்டாவை ஏற்றினார். இவருக்கோ பக்கம் பக்கமாகப் புரட்டுவது கௌரவக் குறைச்சல். "மேனுவலா தேடறதெல்லாம் டைம் வேஸ்ட் ப்ரோ" என்று சொல்லிப் பைத்தானைத் திறந்தார். அதோடு சரி.

முதலில் பியூட்டிஃபுல் சூப். வலைப்பக்கங்களிலிருந்து விவரங்களை உருவியெடுக்க 2004-இல் வந்த லைப்ரரி. ஆலிஸ் கதையில் போலி ஆமை பாடும் பாட்டிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார்கள் என்பதை நீங்கள் கேட்காமலே சொல்லுவார். இன்டர்வியூவில் யாரும் கேட்காத கேள்விகளுக்கு இவரிடம் நிறையப் பதில் இருக்கிறது. ஆனால் அவர் திறந்த தளங்களில் வேலை விவரமெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகுதான் பக்கத்தில் வந்து உட்காரும். ஆகவே சூப்பில் ஒன்றும் அகப்படவில்லை. அடுத்தது செலினியம். பிரவுசர் பேய் பிடித்ததுபோல் தானே திறந்து, தானே டைப் அடித்து, தானே க்ளிக் செய்தது. பக்கத்து அறைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நாலாவது க்ளிக்கில் தளம் சந்தேகப்பட்டு, டிராஃபிக் சிக்னல் உள்ள கட்டங்களைத் தொட்டுக் காட்டச் சொன்னது. அதை மட்டும் கையால் செய்தார்.

கடைசியில் ஜாப்ஸ்பை கிடைத்தது. லிங்க்ட்இன், இண்டீட், நௌக்ரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அலசி அட்டவணையாகக் கொடுத்துவிடும். பத்து வரி கோடு போதும். இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று அன்று முழுக்க முகம் வாடியிருந்தார்.

நல்லவேளை, பிரச்சினைகள் வந்து காப்பாற்றின. சொந்த ஊரில் வேலை கிடைத்தால் நல்லது என்று இடத்துக்கு நேரே 'சேலம்' என்று போட்டார். ஜாப்ஸ்பையில் இண்டீடுக்கு நாட்டைச் சொல்லாவிட்டால் அமெரிக்கா என்று எடுத்துக்கொள்ளும். ஒரேகான் மாநிலத்துத் தலைநகர் சேலத்திலிருந்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் வேலையும் நர்ஸ் வேலையும் வரிசையாக இறங்கின. அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அம்மா போன்.

"வேல கெடச்சுதா கண்ணு?"

"ஆயிரத்துக்கு மேல கெடச்சிருக்கும்மா. சேலத்துலயே நெறைய இருக்கு."

"அத்தன எதுக்கு சாமி, ஒண்ணு போதாதா?"

ஒன்று என்பது டேட்டாவே அல்ல என்று அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

பிறகு 429 வந்தது. 'ரொம்பக் கேட்கிறாய், கொஞ்சம் பொறு' என்று சர்வர் சொல்லும் எண் அது. லிங்க்ட்இன் பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் இதைச் சொல்லிவிடும். உறவுக்காரர்கள் வாயால் கேட்டிருந்தால் ரோஷம் வந்திருக்கும். சர்வர் சொன்னதால், வேறு முகவரியிலிருந்து கேட்பதுபோல் காட்டும் ப்ராக்ஸி வாங்குவதைப் பற்றி இரண்டு நாள் படித்தார்.

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். அவருடைய எரிச்சலில் பொய் இல்லை. ஒரே வேலையை ஐந்து கன்சல்டன்சிகள் ஐந்து தலைப்பில் போடுகின்றன. ஃப்ரெஷர் வேண்டும் என்று மேலே எழுதிவிட்டு, மூன்று ஆண்டு அனுபவம் என்று கீழே கேட்கிறார்கள். சம்பளம் என்ற இடத்தில் 'தொழில் வழக்கப்படி' என்றிருக்கும். இந்தக் குப்பையைக் கையால் பொறுக்கினால் யாருக்கும் கண் பூத்துவிடும். அதனால்தான் தன் பயோடேட்டாவோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும் வடிகட்டி ஒன்றையும் எழுதினார். ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் பார்த்தால் பொருந்தும் வேலைகள்: 0. கம்பெனிகளுக்கு முன்னால் அவருடைய புரோகிராமே அவரை நிராகரித்துவிட்டது. அதில் அவருக்கு வருத்தமில்லை. வடிகட்டி ஒழுங்காக வேலை செய்கிறதே!

அறைத்தோழர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "மச்சான், இதுல எதுக்காச்சும் அப்ளை பண்ணியா?"

"அது வெர்ஷன் டூல வருது மச்சான்."

இதைப் படிக்கும் ஹெச்ஆர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தை ஒரே முகவரியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ தட்டிக்கொண்டிருந்தால், ஹேக்கர் என்று பயந்து தடை போட்டுவிடாதீர்கள். அவரிடமிருந்து விண்ணப்பம் வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம். நீங்களாகவே ஆஃபர் லெட்டரை அனுப்பிவிடுங்கள். சிஎஸ்வி ஃபைலாக அனுப்பினால் கட்டாயம் திறந்து பார்ப்பார்.