யாமக் கட்சியும் வைகறைக் கட்சியும்: ஜெயங்கொண்டம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

இரவு கண்விழித்து வேலை பார்ப்பது உத்தமமா, விடியலுக்கு முன் எழுந்து பார்ப்பது உத்தமமா என்ற வழக்கு ஜெயங்கொண்டம் நான்கு ரோட்டு டீக்கடையில் தினமும் காலை விசாரணைக்கு வருகிறது; தினமும் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது. அந்தப் பெஞ்சில் தீராததை எழுத்தில் தீர்க்க முற்படுவது இக்கட்டுரை. வசதிக்காக, பத்து மணிக்கு மேல் சுறுசுறுப்பு வருகிறவர்களை யாமக் கட்சி என்றும், நான்கு மணிக்கு எழுந்ததை நாலு பேரிடம் சொல்கிறவர்களை வைகறைக் கட்சி என்றும் குறிப்போம்.

முதலில் இலக்கணச் சான்று. சிறுபொழுதுகளைத் திணைக்கு ஒன்றாகப் பங்கிட்ட தொல்காப்பியம் யாமத்தைக் குறிஞ்சிக்கும் வைகறையை மருதத்துக்கும் கொடுத்தது. குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். அதாவது நடுச்சாமம் கூடுவதற்கு, விடியல் சண்டை போடுவதற்கு. இரண்டிலும் அலுவலக வேலைக்கு இடம் ஒதுக்கப்படவில்லை என்பதை இரு கட்சியாரும் கவனிக்க வேண்டும். விடியலில் வீட்டுக்கு வந்த தலைவனைத் தலைவி வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கும் நேரத்தைத்தான் இன்றைய தன்முன்னேற்றப் பேச்சாளர் பொன்னான நேரம் என்கிறார்.

தவிர, ஜெயங்கொண்டத்துக்கு எந்தத் திணை என்பதிலும் சிக்கல் உண்டு. தெற்கே தா.பழூர் பக்கம் கொள்ளிடக்கரை வயல். வடக்கே ஆண்டிமடம் பக்கம் செம்மண்ணும் முந்திரிக்காடும். மேற்கே அரியலூர் போகும் வழியெல்லாம் சுண்ணாம்புக்கல், சிமெண்ட், லாரி. சிமெண்ட் லாரிக்கு உரிய சிறுபொழுது எது என்று தொல்காப்பியர் சொல்லவில்லை. அது எல்லாப் பொழுதிலும் ஓடுகிறது.

இரவு உழைப்பைப் பற்றி நமக்குக் கிடைக்கும் விரிவான பழம்பதிவு மதுரைக்காஞ்சி. மாங்குடி மருதனார் மதுரையின் இரவைச் சாமம் சாமமாகப் பிரித்துக் காட்டுகிறார். ஊர் அடங்கிய பிறகும் அங்கே தொழிலில் இருப்பவர்கள் இரு வகையினர்: கன்னக்கோல் எடுத்துப் புறப்பட்ட கள்வர், அவரைத் தேடும் ஊர்க்காவலர். இரு தரப்பும் முழுக் கவனத்தோடு, குறுக்கீடு இல்லாமல், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய வேலையைச் செய்கிறார்கள். யாமக் கட்சி தன் முன்னோர் பட்டியலை வெளியிடும்போது இதைச் சொல்வதில்லை.

இரவு வேலையால் குடும்பத்தில் வரும் விளைவுக்கும் சான்று இருக்கிறது. கலிங்கத்துப்பரணியில் ‘கடை திறப்பு’ என்று ஒரு பகுதி. கலிங்கப் போருக்குப் போன கணவன்மார் திரும்பத் தாமதமானதால் பெண்கள் ஊடிக் கதவை அடைத்துக்கொள்ள, கவிஞர் வாசலில் நின்று திறக்கச் சொல்லிக் கெஞ்சுகிறார். முதல் குலோத்துங்கனின் படைத்தலைவர் கருணாகரத் தொண்டைமான் அந்தப் போரை வென்றுவிட்டார். கதவைத் திறக்க வைக்க மட்டும் தனியாக ஒரு புலவர் வேண்டியிருந்தது. பாடிய செயங்கொண்டார், பெயர்ப் பொருத்தம் கருதி எங்கள் ஊர்க்காரர் என்று அவ்வப்போது சொந்தம் கொண்டாடப்படுபவர். ஆராய்ச்சியாளர்கள் அவரைத் தீபங்குடிக்குக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் கொண்டாடுவதை நிறுத்தவில்லை.

இனி நேரக் கணக்கு. வைகறைக் கட்சியின் கொடிமரம் பிரம்ம முகூர்த்தம். சூரிய உதயத்துக்கு 1 மணி 36 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் நீடிப்பது அது. ஆறு மணிக்கு உதயம் என்றால் 4.24 முதல் 5.12 வரை. உதயம் மாதத்துக்கு மாதம் நகர்வதால் முகூர்த்தமும் நகரும். ஆனால் கட்சியாரின் செல்போன் அலாரம் வருஷம் முழுக்க நான்கு மணியிலேயே நிற்கிறது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்து, உத்தரப்பிரதேசத்து மிர்ஸாப்பூர்ப் பக்கம் கணக்கிடப்படுகிறது. ஜெயங்கொண்டம் அதற்கு ஏறத்தாழ 3 பாகை மேற்கே. ஆகவே நம் கடிகாரம் நான்கு காட்டும்போது நம் ஊர்ச் சூரியன் கணக்கில் 3.48 கூட ஆகியிருக்காது. எங்கள் வைகறைக் கட்சியார் தாங்கள் பீற்றிக்கொள்வதைவிடவும் 12 நிமிடம் முன்னதாக எழுகிறார்கள். இதை அவர்களிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். டீக்கடை ஏற்கெனவே போதுமான சத்தத்தோடு இருப்பதால் சொல்லவில்லை.

யாமக் கட்சிக்கும் நாள்காட்டியில் ஒரு சலுகை கிடைக்கிறது. ஆங்கில நாள் நள்ளிரவில் மாறுகிறது. பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில்தான் மாறுகிறது. செவ்வாய்க்கிழமை முடிப்பதாக வாக்குக் கொடுத்த வேலையைப் புதன் அதிகாலை மூன்று மணிக்கு முடித்தவர் பஞ்சாங்கப்படி வாக்குத் தவறாதவர். போட்டித் தேர்வு விண்ணப்பத்தை ஏற்கும் கணினிக்குப் பஞ்சாங்கம் தெரியாது. அது 11.59-க்குக் கதவைச் சாத்திவிடும். அதைத் திறக்கச் சொல்லிப் பாடச் செயங்கொண்டாரும் இல்லை.

சட்டம் இன்னும் குழப்புகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. அப்படியானால் நான்கு மணிக்கு எழுந்து உட்காருகிறவரும் சட்டத்தின் கண்ணில் இரவு வேலைக்காரரே. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 57-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டில் இருப்பவருக்கு, ஷிப்டு முடியும்போதுதான் மறுநாள் தொடங்கும் என்றது. சிமெண்ட் ஆலையில் நைட் ஷிப்டு முடித்து ஆறு மணிக்கு டீக்கடைக்கு வரும் தம்பிக்கு அப்போதுதான் நாள் பிறக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வைகறைக் கட்சிக்காரர் அவரைப் பார்த்து, “என்னப்பா, இப்பதான் எழுந்தியா?” என்று கேட்பது சட்ட அறியாமை.

களஆய்வில் கிடைத்த ஓர் உரையாடலை அப்படியே தருகிறேன். ஒருவர் சொன்னார்: “நான் நாலு மணிக்கெல்லாம் எழுந்துருவேன்.” அடுத்தவர்: “நாலா? எனக்கு மூணரைக்கே முழிப்பு வந்துரும்.” மூன்றாமவர் யாமக் கட்சி. “நான் படுக்கும்போது மூணரை.” டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் நிமிராமலே, “மூணு மணிக்கு பாய்லரப் பத்த வெச்சேன். சக்கரை கம்மியா, சரியாங்கண்ணே?” என்றார். எழுந்த நேரம் சொல்லச் சொல்ல அரைமணி பின்னோக்கி நகரும் என்பதும், நிஜமாகவே எழுந்தவரின் முன்னிலையில் அந்த நகர்வு நின்றுவிடும் என்பதும் இதனால் நிறுவப்படுகிறது.

இந்தத் துறையில் முன்னோடி என்று சொல்லத்தக்கவர் பெஞ்சமின் பிராங்கிளின். 1784-இல் பாரிஸ் நகரத்துப் பத்திரிகை ஒன்றுக்கு அவர் ஒரு குறும்புக் கடிதம் எழுதினார். காலை ஆறு மணிக்கே வெளிச்சம் வந்துவிடுகிறது என்ற வியப்புக்குரிய உண்மையைத் தாம் கண்டுபிடித்துவிட்டதாகவும், பாரிஸ்வாசிகள் இரவில் விழித்திருக்காமல் அதிகாலையில் எழுந்தால் ஆண்டுக்கு 6,40,50,000 பவுண்டு மெழுகு மிச்சமாகும் என்றும் கணக்குப் போட்டார். எழாதவர்களை எழுப்பத் தெருவுக்குத் தெரு பீரங்கி வெடிக்கலாம் என்றும் யோசனை சொன்னார். பாரிஸில் பீரங்கி வெடித்ததாகத் தெரியவில்லை. அந்த யோசனை மார்கழி மாதத்தில் எங்கள் ஊர்க் குழாய் ஒலிபெருக்கி வழியாக நிறைவேறுகிறது.

இங்கேதான் ஆராய்ச்சி சூடுபிடிக்கிறது. வைகறை வேலை சிறக்கிறது என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களை எல்லாம் திரட்டினால் காற்று, தெளிந்த மூளை, தெய்வ சான்னித்தியம் என்று நீளும். மார்கழியில் இவை மூன்றும் கூடுதலாகவே இருக்கின்றன. ஆனால் நாலரை மணிக்குப் பக்திப் பாடல் தொடங்கியதும் தணிக்கைக் கணக்கு எழுதுகிறவர் பேனாவை மூடிவிடுகிறார். ஆடி மாதத்தில் இரவுக்கு இதே கதி. அம்மன் கோயில் கூழ் ஊற்றலும் எல்.ஆர். ஈஸ்வரியின் குரலும் பதினொன்றைத் தாண்டும்போது யாமக் கட்சியார் மடிக்கணினியை மூடிவிட்டுப் பந்தலுக்குப் போய்விடுகிறார்கள். ஆக, நேரத்தில் சத்து ஏதும் இல்லை. அடுத்தவர் தூங்குவதில் இருக்கிறது. உற்பத்தித் திறன் என்று இரு கட்சியும் கொண்டாடுவது, அக்கம்பக்கத்தார் குறட்டை விடுவதால் தமக்கு இலவசமாகக் கிடைத்த பொருள். நான்கு மணிக்கு எழும் மகிமையை ஊர் முழுக்கப் பரப்புகிறவர் தாம் உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுகிறார்: எல்லாரும் எழுந்துவிட்டால் நான்கு மணியும் காலை ஒன்பதரை மணி ஆகிவிடும்.

‘தடை: உடம்புக்கென்று ஒரு கடிகாரம் இல்லையா?’ உண்டு. அதன் மூலக்கூறு இயக்கத்தைப் பழ ஈயிடம் கண்டுபிடித்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு தந்தார்கள். சிலர் பிறப்பிலேயே முன்தூங்கிகள், சிலர் பின்தூங்கிகள். பதின்பருவத்தில் தூக்கம் பின்னுக்குப் போகும், வயதானால் முன்னுக்கு வரும். ‘நான் உன் வயசுல நாலு மணிக்கு எழுந்தேன்’ என்று சொல்லும் தாத்தா இப்போது எழுவதைத்தான் அப்போது எழுந்ததாக நினைத்துக்கொள்கிறார் என்பது என் ஊகம்; பழ ஈயிடம் கேட்டு உறுதிசெய்ய முடியாது. அதே ஆண்டு தான்சானியாவின் ஹட்சா மக்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. 33 பெரியவர்களை 20 நாள் கவனித்ததில், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உறங்கியது மொத்தம் 18 நிமிடம் மட்டுமே. கூட்டத்தில் யாராவது ஒருவர் விழித்திருப்பது காவலுக்கு நல்லது என்று விளக்கினார்கள். நான்கு ரோட்டில் அந்த 18 நிமிடமும் கிடைக்காது.

தூக்கக் கணக்கையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். நான்கு மணிக்கு எழுந்து இரண்டு மணி நேரம் சம்பாதித்தவர், மதியச் சாப்பாட்டுக்குப் பின் மின்விசிறிக்கு அடியில் அதே இரண்டு மணி நேரத்தைத் திருப்பிச் செலுத்துகிறார். சித்திரை வெயிலில் வட்டியும் சேரும். இரவு இரண்டு வரை உழைத்தவர் காலை ஏழு முதல் ஒன்பது வரை ‘இதோ எழுந்துட்டேன்’ என்று சொல்லிக்கொண்டே கடனை அடைக்கிறார். அரியலூர் மாவட்டமே இதற்கு உதாரணம்: 2001-இல் பெரம்பலூரிலிருந்து எழுந்தது, 2002-இல் மறுபடி அதனுள் போய்ப் படுத்தது, 2007-இல் நிரந்தரமாக எழுந்தது. அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடி படுத்த எவரும் இனிக் கூச்சப்பட வேண்டியதில்லை. பக்கத்துக் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் கேம்பிரிட்ஜில் 30 மணி நேரம் தொடர்ந்து கணக்குப் போட்டுவிட்டு 20 மணி நேரம் தூங்குவார் என்று அவர் வரலாற்றில் வருகிறது. அவரை இரு கட்சியும் உரிமை கோரலாம். இரு கட்சியும் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளாது.

இவ்வளவு நேரமும் பேசியது தேர்ந்தெடுக்க முடிந்தவர்களைப் பற்றி. இலையூர், வாரியங்காவல் பக்கம் தறிக்காரர்கள் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடுவது விடியற்காலையில்தான். வெயில் ஏறினால் இழை முறுகும், அறும். அவர்களிடம் பிரம்ம முகூர்த்தம் பற்றிக் கேட்டால், “வெயில் வர்றதுக்குள்ள முடிக்கணுங்க” என்கிறார்கள். முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கப் போகிற பெண்களும் அதே கட்சி. சுட்டெரிக்கும் பங்குனி சித்திரையில் செம்மண்ணில் பத்து மணிக்கு மேல் கால் வைக்க முடியாது என்பதே அவர்களின் கொள்கை அறிக்கை. போர்செட்டு வைத்திருக்கும் விவசாயியோ நெடுங்காலம் இரு கட்சியிலும் கட்டாய உறுப்பினர். மும்முனை மின்சாரம் முறைவைத்து வந்த காலத்தில், இரவு முறை வரும்போது டார்ச்சும் மண்வெட்டியுமாக வரப்பில் நின்று மடை மாற்றியவர் தம் ஆக்கபூர்வ நேரம் எது என்று ஆராயவில்லை. பாம்பு எங்கே என்று ஆராய்ந்தார்.

வைகறைக் கட்சிக்காரர்களின் வீடுகளில் மட்டும் ஒரு துணை ஆய்வு நடத்தப்பட்டது. நான்கு மணிக்கு எழுந்து யோகம் செய்து டைரி எழுதுகிறவரின் மேசைக்கு நாலே காலுக்குக் காபி வருகிறது. காபி தானாக வரும் பொருள் அல்ல. அதைப் போட்டவர் முதல்நாள் இரவு பதினொன்றுக்கு இட்லி மாவை வழித்து வைத்து, பால் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தவர். இரு கட்சியின் நேரத்தையும் முழுமையாகக் கடைப்பிடிக்கும் ஒரே பிரிவினர் இவர்களே. உங்களுக்கு எந்த நேரத்தில் வேலை நன்றாக ஓடுகிறது என்று ஓர் அம்மாவிடம் கேட்டேன். “நீங்கல்லாம் வெளிய போன பிறகு” என்றார். தரவுகளில் இதுவே தெளிவானது.

மேற்கண்ட முடிவின்படி, அடுத்தவர் தூக்கம் ஒரு பொதுச்சொத்து. அதை முறைவைத்துப் பங்கிட வேண்டும். எங்கள் தெருவுக்கு மட்டும் ஒரு வரைவு தயாரித்தேன். ஒற்றைப்படைக் கதவிலக்கத்தார் இரவிலும் இரட்டைப்படையார் விடியலிலும் விழிக்கலாம். மற்றவர் அந்நேரம் கட்டாயம் உறங்க வேண்டும். வரைவைச் சுற்றுக்கு விட்டதும் விலக்குக் கோரிக்கைகள் வந்தன. கைக்குழந்தை உள்ள வீடுகள். பால்காரர். சிதம்பரம் போகும் முதல் பஸ்ஸைப் பிடிப்பவர்கள். நைட் ஷிப்டு முடித்து வண்டியை ஓரங்கட்டுபவர்கள். கிரிக்கெட் வெளிநாட்டில் நடக்கும் நாட்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரம், குடங்கள் உருளும் ஓசை உட்பட. மார்கழி முழுவதும், ஆடி முழுவதும், முகூர்த்த நாட்களில் மண்டபத்து மேளம். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்ததில், இரவு 2.45 முதல் மாஸ்டர் பாய்லரைப் பற்றவைக்கும் 3.00 மணி வரை கால்மணி நேரம் எஞ்சியது. அதைத் தமக்கே ஒதுக்கக் கோரி இரு கட்சிகளிலிருந்தும் விண்ணப்பம் வந்திருக்கிறது. பரிசீலனை நாளை காலை டீக்கடையில்.