மௌன குருவும் கயிறு இழுக்கும் சீடர்களும்

திருவண்ணாமலையில் குருவுக்குப் பஞ்சமே வந்ததில்லை. சேஷாத்ரி சுவாமிகள், 1896-இல் ஊருக்கு வந்து அப்படியே தங்கிவிட்ட ரமணர், ஊரே விசிறி சாமியார் என்று கூப்பிட்ட யோகி ராம்சுரத்குமார் என்று வரிசை நீளமானது. ரமணர் மௌனத்தாலேயே உபதேசம் செய்வார் என்பார்கள். அந்த மரபு இன்னும் அற்றுப்போகவில்லை. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம், பௌர்ணமிக்குப் பௌர்ணமி என் அக்கா வீட்டுக்காரர் போடுகிற சுக்குக் காபிக் கடையில் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்கிறது. அது மௌனம் சாதிக்க ஆரம்பித்தால் கூட்டம் கூடிவிடும். ஒரே வித்தியாசம், இங்கே குரு வாயைத் திறக்காதபோது உபதேசம் செய்வது சீடர்கள்.

"சோக்கை இழுத்தீங்களா?"

"பிளக்கைக் கழட்டி உப்புத்தாள்ல தேயுங்க."

"கொஞ்சம் சாய்ச்சு வச்சு இழுங்கண்ணே, எங்க ஊர்ல அப்படித்தான்."

பதினான்கு கிலோமீட்டரை வெறுங்காலோடு சுற்ற வந்தவர்கள் நேர்த்திக்கடனை ஓரமாக வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். வாயு லிங்கத்தை நோக்கிப் போன குடும்பம் ஒன்று பாதியில் தலைவரைக் காணாமல் திரும்பிவந்து தேடியது. அவர் எங்கள் கடையில் கார்பரேட்டரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மாடலோடு ஒரு சின்னப் புத்தகம் கொடுக்கிறார்கள். அதைப் படித்தவன் எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான். அதனாலேயே இந்த விஷயத்தில் என் பேச்சுக்கு மதிப்பில்லை. "மச்சான் படிச்சதைச் சொல்றாரு" என்பார் மாமா. சமையல் தெரியாதவனைப் பற்றிச் சொல்கிற அதே தொனி.

மாமாவைக் குறை சொல்லியும் பயனில்லை. அவர் டிவிஎஸ் 50 தலைமுறை. 1980-இல் ஓசூரிலிருந்து அந்த வண்டி வந்த நாள்முதல், பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றுவதுதான் இன்ஜின் தர்மம் என்று நம்பி வளர்ந்த கூட்டம். டூ ஸ்ட்ரோக்குக்கு அது சரி. பெட்ரோலோடு போகிற ஆயில்தான் அங்கே பிஸ்டனுக்கு வழுவழுப்பு. ஜெனரேட்டர் ஃபோர் ஸ்ட்ரோக். அதற்கு ஆயில் அடியில் தனியாக நிற்க வேண்டும். மாமா டேங்கில் ஆயிலைக் கலப்பார், அடியில் ஆயில் இருக்கிறதா என்று பார்க்கமாட்டார். விளைவு: மேலே சாம்பிராணிப் புகை, உள்ளே உலோகத்தோடு உலோகம் உரசல். ஒரு பௌர்ணமியில் அந்தப் புகைக்கு முன்னால் ஒரு பாட்டி நின்று இரண்டு கையாலும் முகத்தில் ஒற்றிக்கொண்டார். அவரிடம் உண்மையைச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

ஆயில் பார்ப்பதில் ரகசியம் எதுவும் இல்லை. இன்ஜின் ஓடாமல் இருக்கும்போது, சமதரையில் வைத்து, மூடியோடு வருகிற குச்சியைத் துடைத்து, விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். புது இன்ஜினுக்கு முதல் ஆயிலைச் சுமார் இருபது மணி நேர ஓட்டத்திலேயே மாற்றச் சொல்கிறது புத்தகம். அப்புறம் நூறு மணி நேரத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை. "நாம மாசத்துல ஒரு ராத்திரிதானே ஓட்டுறோம்" என்கிறார் மாமா. அந்த ஒரு ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் என்பதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

2012 வாக்கில், சென்னைக்கு வெளியே நாளில் பாதிப்பொழுது கரண்ட் இல்லாமல் தவித்தோமே, அப்போது தேரடித் தெருவில் கடைக்குக் கடை வாசலில் ஒரு ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்து மிச்சம்தான் இது. ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் இன்வெர்ட்டர் வாங்கியதும் மாமாவின் தலையில் கட்டிவிட்டார். 1 கேவிஏ. டியூப்லைட்டு, ஒரு ஃபேன், ஒரு மிக்ஸி தாங்கும். கிரைண்டரையும் சேர்த்துப் போட்டால் முனகும்.

மாமாவின் பக்தியைச் சொல்லாவிட்டால் பாவம் வரும். ஆயுத பூஜைக்கு ஜெனரேட்டருக்குத்தான் முதல் மரியாதை. விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. சந்தனம் குளிர்க்காற்று போகிற இடுக்கில் அப்பப்பட்டிருக்கும். மாலையின் நுனி, கயிற்றுப் பக்கமுள்ள காற்றாடி உறிஞ்சுகிற துளைக்கு நேராகத் தொங்கும். இதெல்லாம் போகட்டும். சூடத்தை டேங்க் மேலேயே ஏற்றினார். ஊர் அக்னித் தலம்தான், மறுக்கவில்லை. அதற்காக அண்ணாமலையார் ஜோதியாய் நின்ற காட்சியை எங்கள் வீட்டு வராந்தாவில் மறுபடி நடத்திக் காட்ட வேண்டுமா? பெட்ரோலின் குணம் அப்படி. பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி குளிரிலும் பற்றக்கூடிய ஆவி விடுகிற பொருள் அது. நம் கார்த்திகைக் குளிரை எங்கே மதிக்கப்போகிறது? அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, நாலு கடை தள்ளி எரிகிற சூடத்தைப் போய் விசாரிக்கும். கிரிவலப் பாதையில் சூடம் எரியாத இடம் எது?

ஆகவே ஓடுகிற இன்ஜினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. நிறுத்தி, சைலன்சர் சூடு தணிகிற வரை காத்திருந்து, டேங்கில் கொஞ்சம் இடம் விட்டு ஊற்ற வேண்டும். இதில் மாமாவுக்குச் சம்மதமில்லை. "லைட்டு அணைஞ்சா கஸ்டமர் அடுத்த கடைக்குப் போயிடுவான் மச்சான்." ராத்திரியில் பெட்ரோல் தீர்ந்தால் எக்ஸ்எல் வண்டி டேங்கில் ட்யூபை விட்டு வாயால் உறிஞ்சுகிற வித்தையும் அவருக்குண்டு. ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா என்று சொன்னேன். சுக்குக் காபி குடித்தால் சரியாகிவிடும் என்றார். வியாபாரி.

மழை வந்தால்தான் எனக்கு உண்மையில் பயம். தார்ப்பாயை மூன்று பக்கமும் இறக்கி, ஜெனரேட்டரை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே துண்டை விரித்துப் படுத்துவிடுவார். புகையில் கார்பன் மோனாக்சைடு வரும் என்று ஒரு நாள் உட்காரவைத்து விளக்கினேன். "அதுக்கு நிறம் கிடையாது மாமா, மணம் கிடையாது, உருவம் கிடையாது, மூடின இடத்துல எங்கும் நிறைஞ்சிருக்கும்." மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ரத்தத்தில் ஆக்சிஜனுக்கு இருக்கிற இடத்தை இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது பறித்துக்கொள்ளும், தலைவலி வரும், தூக்கம் வரும், அந்தத் தூக்கத்திலேயே ஆள் போய்விடுவான் என்றபிறகுதான் அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மறுபௌர்ணமிக்கு ஜெனரேட்டர் கடைக்கு இருபது அடி தள்ளி, புளியமரத்தடிக்குப் போனது. புத்தகத்தால் ஆகாதது ஒரு பார்வையால் ஆனது. மழைக்கு மேலே ஒரு தகரக் கூரை, நாலு பக்கமும் திறப்பு.

வீட்டு பிளக் பாயிண்ட்டில் இரண்டு பக்கமும் பின் வைத்த ஒயரைச் சொருகி வீடு முழுக்க வெளிச்சம் கொடுக்கலாம் என்று யாரோ சொல்லிக் கொடுத்ததையும் அவள்தான் நிறுத்தினாள். அந்தக் கரண்ட் வந்த வழியே கம்பத்துக்கு ஏறி, டிரான்ஸ்ஃபார்மரில் பல மடங்காகி, லைன் செத்துக்கிடக்கிறது என்று நம்பி வேலை செய்கிற லைன்மேனைத் தாக்கும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடாமல் அந்தப் பேச்சே கூடாது. இதில் எனக்கு நகைச்சுவை வரவில்லை.

மௌன விரதத்துக்கு வருவோம். பெரும்பாலும் காரணம் பழைய பெட்ரோல். இப்போது பங்கில் வருவதில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். பெட்ரோலும் ஒரு மாதம் கிடந்தால் பிசினாகி, கார்பரேட்டரில் ஊசிக்கண் அளவுள்ள ஜெட்டை அடைக்கும். உடனே சீடர்களில் ஒருவர் மனைவியிடம் ஊக்கு வாங்கிக் குத்துவார். இதற்கு முன்னோடி உண்டு. 1888-இல் பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் மகன்கள் இருவரோடு அவர் செய்த காரை எடுத்துக்கொண்டு மான்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். வழியில் எரிபொருள் வாங்கியது வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில். குழாய் அடைத்தபோது குத்தியது தொப்பி ஊசியால். ஆனால் அந்த அம்மா குத்தியது குழாயை. ஜெட்டைக் குத்தினால் துளை பெரிதாகி, இன்ஜின் இரண்டு பங்கு குடித்துக் கரும்புகை விடும். கழற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்வதே முறை.

அடைக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு சுலப வழி உண்டு. வேலை முடிந்ததும் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்பரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட வேண்டும். மாமா ஒத்துக்கொள்ளவேயில்லை. சும்மா எரிப்பதா, அதுவும் இந்த விலைக்கு? கடைசியில் அக்கா ஒரு ஏற்பாடு செய்தாள். கிரிவலம் முடிந்த மறுநாள் காலையில் ஜெனரேட்டர் புறக்கடைக்கு வரும். டேப்பை மூடியதும் மிக்ஸியைச் சொருகி, வறுத்த மிளகாயும் உளுந்தும் போட்டு ஓட்டுவாள். பருப்பு பாதி உடைவதற்குள் இன்ஜின் இருமி நிற்கும். மீதியை மின்வாரியத்துக் கரண்டில் அரைத்துக்கொள்வாள். ஜெனரேட்டர் இப்போதெல்லாம் கயிற்றை இழுத்ததும் பேசிவிடுகிறது. கடைக்குக் கூட்டம் குறைந்துவிட்டது என்று மாமா வருத்தப்படுகிறார். இட்லிப் பொடி மட்டும் மாதாமாதம் புதிது.